நீலவேணியின் 1,417ஆவது அட்டை

என் அம்மாவின் கல்வெட்டுக்கு வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை எனக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் வீடுகளில் இது வழக்கம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்குச் சாப்பிட வருகிறவர்களிடம் ஒரு சிறு புத்தகம் கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். அட்டையில் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் அச்சகம் வைத்திருக்கும் யனுஷன் இருபத்து நான்காம் நாள், திங்கட்கிழமை, போன் எடுத்தான்.

“அக்கா, படம் வந்திட்டுது. தேவாரம் என்னட்டையே கிடக்கு. உங்கட வரலாறுதான் இல்லை.”

“எழுதிறன்.”

“போன கிழமையும் இதைத்தான் சொன்னீங்கள். வியாழன் பின்னேரம் கடைசி. அதுக்குப் பிந்தினால் வருசம் முடியிற ஆட்டத் திவசத்துக்குத்தான் தரலாம்.”

ஆறு வாக்கியம் எழுதியிருந்தேன். நீலவேணி சதாசிவம், 1951இல் சண்டிலிப்பாயில் பிறந்தார். தாதியாகப் பயின்றார். மணமுடித்து ஒரு மகளைப் பெற்றார். 1978இல் கணவரை இழந்தார். குவைத்தில் பதினொரு வருடம் வேலை செய்தார். 1991இல் லண்டன் வந்தார்.

ஏழாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அது இப்படி வந்திருக்க வேண்டும்: ‘1996 முதல் 2008 வரை அரபு இலக்கண நூல்களின் சாட்சிப் பாடல்களுக்கு அட்டவணை தயாரித்தார்.’ உண்மைதான். ஆனால் அந்த அட்டவணையில் ஒரு பாட்டை அம்மா இட்டுக்கட்டினார் என்று ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நான் ரயில் சமிக்ஞைகளைச் சோதித்துக் கையெழுத்திடுபவள். சோதிக்காத ஒன்றுக்குக் கையெழுத்து வைத்துப் பழக்கமில்லை. அந்த வாக்கியத்தை எழுதவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அம்மாவுக்கு அரபு வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

அப்பா மாரடைப்பில் போனபோது எனக்கு இரண்டு வயது. அடுத்த வருடம் அம்மா என்னைத் தன் தங்கை கனகாம்பிகையிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனார். பெண்கள் வார்டு. டாக்டர்களோடு ஆங்கிலம், நோயாளிகளோடு அரபு. நோயாளிகளில் பலர் பாலைவனத்திலிருந்து மகன்மார் ஏற்றிக்கொண்டு வந்து விட்ட பெதூயின் கிழவிகள். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, ஏன் சாப்பிடவில்லை என்பதில் ஆரம்பித்து, திட்டும் வசையும் பாட்டும் வரைக்கும் அம்மா அவர்களிடமே கேட்டுப் பழகினார். எழுத்தை வார்டு கிளார்க் சொல்லிக்கொடுத்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருந்தால் மருந்து மாறிவிடும் என்ற பயத்தில் படித்த எழுத்து அது.

1990 ஆகஸ்டில் அங்கே சண்டை வந்தது. ஜோர்தான் எல்லை வழியாக ஒரு கைப்பையோடு வெளியேறினார். லண்டனில் தாதி வேலைக்கு மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். படிக்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. வால்தம்ஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். 1992இல் நான் வந்தேன். பதினாறு வயது. அம்மாவை விமான நிலையத்தில் அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

1996இல் ஒரு பல்கலைக்கழக நிறுவனம் ஆள் தேடியது. அரபு எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும், கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும், கிழமைக்கு மூன்று நாள். அம்மா விண்ணப்பித்தார். நேர்முகத்தில் இருந்தவர் முன்திர் என்ற ஈராக்கியப் பேராசிரியர். அம்மா அவரை ஐயா என்றுதான் எங்களிடம் சொல்வார்.

ஐயா அரபில் ஏதோ கேட்டாராம். அம்மா பதில் சொன்னாராம். ஐயா மேசையில் கையைத் தட்டிச் சிரித்தாராம்.

“இது எங்கே படித்தது?”

“வார்டில். கிழவிகளிடம்.”

“ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் என்றால் இலக்கணகாரர்கள் உன் கிழவிகளின் கட்டிலைச் சுற்றி எழுதுகோலோடு நின்றிருப்பார்கள்.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அம்மா பிறகு எனக்கு விளக்கினார். நான் அப்போது பொறியியல் முதல் வருடம். சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

அரபுக்கு இலக்கணம் எழுத முதலில் உட்கார்ந்தவர்கள் ஈராக்கில் பஸ்ராவிலும் கூஃபாவிலும் இருந்தவர்கள். ஒரு விதியைச் சொன்னால் போதாது. ஆதாரம் காட்ட வேண்டும். இறைவேதம் இருந்தது. அதற்கு அடுத்தபடி அவர்கள் போனது பழைய பாட்டிடம். காரணம், பேச்சு வாயிலிருந்து வாய்க்கு மாறும். பாட்டு எளிதில் மாறாது. ஒரு சொல்லின் வடிவத்தை யாராவது மாற்றினால் சந்தம் உடையும், கேட்பவன் பிடித்துவிடுவான். ஆகவே பாட்டு சாட்சி. ஆனால் எல்லாப் பாட்டும் அல்ல. ஒரு காலத்துக்குப் பிற்பட்ட கவிஞர்களை அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. நகரத்தில் பல மொழிக்காரரோடு கலந்து பேச்சுக் கெட்டுவிட்டது என்றார்கள். உள்பாலைவனத்துக் குலங்களை நம்பினார்கள். எல்லையோரத்துக் குலங்களைச் சந்தேகித்தார்கள். யார் யாரிடம் கேட்டது என்றும் பார்த்தார்கள். சில பாட்டுகளுக்குக் கவிஞர் பெயர் தெரியாது. எழுதி வைத்தவர் நம்பிக்கையானவர் என்றால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

“அப்ப ஆரும் பொய்ப் பாட்டுக் கட்டேல்லையோ?” என்று கேட்டேன்.

“கட்டினவை எண்டு ஒருத்தரை ஒருத்தர் பேசிக்கொள்ளுவினம். விவாதத்தில வெல்லுறதுக்கு. அவையளுக்குள்ள அதைவிடப் பெரிய வசை இல்லையாம்.”

“நான் அஸைன்மென்ட் சப்மிட் பண்ணவேணும் அம்மா, பிறகு கதைப்பம்.”

“போ, போ. உன்ர தமிழை ஒருத்தரும் சாட்சிக்கு எடுக்க மாட்டினம்.”

அம்மாவின் வேலை இதுதான்: அச்சிலும் கையெழுத்துப் பிரதியிலும் கிடக்கும் பழைய இலக்கண நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, சாட்சியாக வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். பாட்டு, அதன் எதுகை எழுத்து, கவிஞர் பெயர் அல்லது ‘தெரியாது’, எந்த விதிக்குச் சாட்சி, எந்த நூல், எந்தப் பக்கம், எத்தனையாம் வரி. ஐயா சொன்னது இவ்வளவுதான். அட்டையின் அடியில் தேதியும் இரண்டு கையெழுத்தும் அம்மா சேர்த்தது. வார்டில் ஆபத்தான மருந்து எடுத்தால் ஒருவர் எடுக்க ஒருவர் சரிபார்த்து இரண்டு பேரும் ஒப்பமிட வேண்டும். பாட்டுக்கும் அப்படியே என்று ஐயாவைச் சம்மதிக்க வைத்தார். அம்மா எழுதுவார், ஐயா மூலத்தைப் பார்த்து ஒப்பமிடுவார். பன்னிரண்டு வருடத்தில் 4,216 அட்டைகள். 2010இல் புத்தகமாக வந்தது. முன்னுரையில் அம்மாவின் பெயர் இருந்தது. ஐயா அடுத்த வருடம் காலமானார்.

2019இல் ஒரு ஆய்விதழில் கட்டுரை வந்தது. எழுதியவர் ஒழுங்கான ஆய்வாளர்தான். அட்டவணையில் வேறெங்கும் இல்லாத பாட்டுகளை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒத்துப் பார்த்திருந்தார். எல்லாம் சரி, 1,417ஐத் தவிர. கவிஞர் பெயர் தெரியாது. மூலம் இ-7 என்ற கையெழுத்துப் பிரதியின் புகைப்பட நகல். அசல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பக்கம் 212, வரி 9. அந்தப் பக்கத்தில் பாட்டே இல்லை. முன்னும் பின்னும் ஐந்து பக்கம் தேடியும் இல்லை. அட்டையில் ஒரு ஒப்பம் மட்டும்தான் இருந்தது, அம்மாவுடையது. பயிற்சி இல்லாத உதவியாளர் எங்கோ வாய்மொழியாகக் கேட்ட ஒன்றைச் சேர்த்திருக்கலாம் என்று முடித்திருந்தார்.

அம்மா நிறுவனத்துக்குப் போனார். கணினித் திரையில் 212ஆம் பக்கத்தைக் காட்டினார்கள். பார்த்தார். இல்லை. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தார்.

நான் ஆறுதல் சொன்னேன். எனக்குத் தெரிந்த முறையில்.

“அம்மா, நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறில ஒண்டு. என்ர வேலையில இப்பிடி ஒராள் இருந்தால் மாலை போட்டுக் கும்பிடுவம்.”

“அப்ப நீயும் பிழை எண்டுதான் சொல்லுறாய்.”

“பிழை எல்லாருக்கும் வரும்.”

“இது பிழை இல்லை. பிழையெண்டால் நான் ஒத்துக்கொள்ளுவன். இல்லாத பாட்டை எழுதினனான் எண்டு சொல்லுறாங்கள். நான் பார்த்தனான், ரூபி. கொப்பியில கிடக்கு.”

எந்தக் கொப்பி, எந்த நோட்டுப் புத்தகம் என்று நான் கேட்கவில்லை. விடுங்கோ என்றேன். அவரும் விட்டுவிட்டார். அதன் பிறகு அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு மேசைக்கு வரவே இல்லை. இதுதான் எனக்கு இருபத்து நான்கு நாளாக நித்திரை இல்லாததற்குக் காரணம்.

யனுஷன் போனை வைத்த பிறகு அம்மாவின் மின்னஞ்சலைத் திறந்தேன், கணக்குகளை மூடுவதற்காக. நான்கு நாளுக்கு முன்னால் வந்த கடிதம் ஒன்று திறக்காமல் கிடந்தது. நிறுவனத்தின் நூலகத்திலிருந்து. அட்டவணை வெள்ளிக்கிழமை இணையத்தில் வருகிறது. 1,417 சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்போடு இருக்கும்: ‘மூலத்தில் இல்லை, தொகுத்தவர் சேர்த்தது.’ ஆட்சேபம் இருந்தால் அதற்கு முன் தெரிவிக்கவும். கீழே வாணி என்ற பெயர்.

சின்னம்மாவுக்குச் சொன்னேன். கனகாம்பிகை இப்போது அம்மாவின் அறையில்தான் இருந்தார், அந்தியேட்டி முடியும் வரைக்கும்.

“உதை விடு பிள்ளை. ஆர் உந்த அரபுப் பாட்டைப் பார்க்கப் போகினம்? அக்கா தாதியாய் இருந்தவ எண்டு போடு, காணும்.”

“பன்னிரண்டு வருசம் சின்னம்மா.”

“அப்ப அதையும் போடு.”

“பொய்யாய் இருந்தால்?”

“அக்காவோ? அவ சந்தையில கத்தரிக்காய் வாங்கினாலும் ரண்டுதரம் எண்ணுறவ.”

செவ்வாய் காலை தோர்ண்டன் ஹீத்திலிருந்து கனகலிங்கம் மாஸ்டர் போன் எடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். லண்டனில் பாதிக் கல்வெட்டுகளுக்கு வெண்பா அவருடையது.

“பிள்ளை, அம்மா என்ன திதி?”

“இங்கிலீசுத் திகதி தெரியும் மாஸ்டர்.”

“திகதியை வைச்சு நான் என்ன அவிக்கிறதோ? பூர்வபக்கமோ அபரபக்கமோ, வளர்பிறையோ தேய்பிறையோ?”

சின்னம்மா பக்கத்திலிருந்து கத்தினார்: “பூர்வபக்கத் தசமி!”

“அப்பிடிச் சொல்லுங்கோவன். வெண்பாவுக்குள்ள தசமியை இறுக்கி வைச்சால் ஒருத்தரும் மாத்தேலாது, தளை தட்டும். வெறும் வசனமாய் விட்டால் உவன் யனுஷன் தசமியைப் பஞ்சமி ஆக்கிப்போடுவான். போன வருசம் ஒரு மனுசனுக்குச் செய்தவன். அந்தாளின்ர சனம் இப்ப ரண்டு திதிக்கும் சோறு குடுக்குதுகள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ராக்காரர்களின் நியாயமும் இதேதான். மாஸ்டருக்கு அதைச் சொல்லவில்லை. “மாஸ்டர், அவவின்ர வேலையைப் பற்றியும் ஒரு பாட்டு வைப்பமோ?” என்று மட்டும் கேட்டேன்.

“வைக்கலாம். ஆனால் நிச்சயமான விசயம்தானே? பிழையான சங்கதியை வெண்பாவில வைச்சால் அதையும் பிறகு எடுக்கேலாது.”

வியாழனுக்கு இரண்டு நாள் இருந்தது. கொப்பியைத் தேடினேன்.

வெந்நீர்ப் பொயிலர் வைத்த அலுமாரியில், துவாய்களுக்குக் கீழே இருந்தன. கறுப்புச் சிவப்பு மட்டை, பன்னிரண்டு கொப்பிகள், வருடத்துக்கு ஒன்று. வார்டில் ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குக் கையளிக்கும்போது எழுதும் குறிப்பு மாதிரியே, நிறுவனத்தில் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் நான்கைந்து வரி. அடுத்து வரப்போகும் ஆள் யாரும் இல்லை. ஆனாலும் எழுதியிருந்தார்.

ஆய்விதழ்க் கட்டுரையில் 1,417ஆவது அட்டையின் படம் இருந்தது. தேதி 14.11.2001. 2001ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தேன்.

‘புதன். இ-7. இன்னும் தாள் தாளாய்த்தான் கிடக்குது, புத்தகமாய்க் கட்டவில்லை. மொத்தம் 304. முதல் தாளிலிருந்து எண்ணினேன், இரண்டு தரம். பாட்டு 3. ஒன்றுக்குப் பெயர் இல்லை. ஐயா ஆஸ்பத்திரியில், இரண்டாம் ஒப்பம் பாக்கி. வெள்ளி கட்டுவதற்குப் போகுது.’

மூன்று தரம் வாசித்தேன். பிறகு கட்டுரைக்குத் திரும்பி, ஆய்வாளர் ஆதாரமாகக் கொடுத்திருந்த 212ஆம் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் 212 என்ற எண் இருந்தது. கையால் எழுதியது அல்ல. முத்திரை இயந்திரத்தால் குத்தியது.

அம்மா எண்ணிய நாளில் தாள்களில் எண் இல்லை. எண் இருந்திருந்தால் அவர் ஏன் இரண்டு தரம் எண்ணப்போகிறார்? எண் பிறகு வந்தது. கட்டிய இடத்தில் குத்தியிருக்கிறார்கள்.

என் வேலையில் முதல் விதி இது. சமிக்ஞை வரைபடத்துக்கு ஒத்துப்போகவில்லை என்றால் கம்பியைக் குறை சொல்வதற்கு முன்னால் வரைபடத்தின் திருத்த எண்ணைப் பார். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய பெட்டியைச் சோதிக்கிறாயா என்று பார். இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் அம்மாவுக்கு அதைச் செய்யவில்லை.

புதன்கிழமை நிறுவனத்துக்குப் போனேன். வாணி கீழே வந்து கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிங்கப்பூர்க்காரர், இங்கேதான் அரபு படித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

“அம்மா தவறிட்டாங்கன்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அந்த மெயில் அனுப்பியிருக்க மாட்டேன். ரொம்ப சாரி.”

“பரவாயில்லை. இ-7 பார்க்கலாமோ?”

“ஸ்கேன் இருக்கு, திறக்கவா?”

“ஸ்கேன் வேண்டாம். புத்தகம் வேணும்.”

களஞ்சியத்திலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அட்டைப் பெட்டியிலிருந்து 14.11.2001 தேதியிட்ட மற்ற இரண்டு அட்டைகளையும் எடுத்துத் தரச் சொன்னேன். எண் 302, எண் 2,960. எண்கள் எதுகை வரிசைப்படி கடைசியில் போட்டவை. இரண்டிலும் அம்மாவின் ஒப்பம் மட்டும்தான். இ-7, பக்கம் 188. இ-7, பக்கம் 230.

“இந்த ரெண்டும் வேற நூல்லயும் வருது,” என்றார் வாணி. “அதனால யாரும் இந்தப் பக்கத்தப் போய்ப் பார்க்கல.”

புத்தகம் வந்தது. பச்சைத் துணி மட்டை, நுரை மெத்தையில் வைத்துத் திறந்தார். அரபுப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும். வாணி வலப்பக்கத்து மட்டையைத் திறந்தார். முதல் தாள். நெகட்டிவ் நகல் என்பதால் கறுப்பில் வெள்ளை எழுத்து. மூலையில் குத்தியிருந்த எண் 304.

“இதேன் முதல் தாள் 304?”

“ஓ, அதுவா. கட்டினவருக்கு அரபு தெரியாது போல. இங்கிலீஷ் புக் மாதிரி இடப்பக்கத்துலருந்து நம்பர் குத்திட்டார். வாசிக்க வாசிக்க நம்பர் இறங்கிக்கிட்டே போகும். நாங்க எல்லாரும் இந்த நம்பரத்தான் குறிப்போம். பழகிடுச்சு.”

நான் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். சோதனையில் விடையை முதலில் எழுதிவிட வேண்டும், பிறகுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கண் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிடும். 304 தாள்கள், தாளுக்கு ஒரு பக்கம். அம்மா முன்னாலிருந்து எண்ணினார், முத்திரை பின்னாலிருந்து எண்ணுகிறது. ஒரே தாளின் இரண்டு எண்களையும் கூட்டினால் 305 வர வேண்டும்.

188க்கு 117 என்று எழுதினேன். 230க்கு 75.

“என்ன பண்றீங்க?”

“117ஆம் பக்கத்தில 302ஆவது அட்டைப் பாட்டு இருக்குதோ எண்டு பாருங்கோ. எனக்கு அரபு தெரியாது.”

வாணி தாள்களைப் புரட்டினார். அட்டையைப் பக்கத்தில் வைத்தார். விரலை மேலே பிடித்தபடி வரிகளில் இறங்கினார்.

“ஆமா. இருக்கு.”

“75.”

இதற்கு அதிக நேரம் எடுத்தது. ஓரம் மங்கியிருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இருக்கு. ஆமா, இருக்கு.” இப்போது அவர் குரல் மாறியிருந்தது. “அடுத்தது என்ன நம்பர்?”

305இல் 212 போனால் 93. எழுதினேன். ஆனால் தாளை அவர் பக்கம் திருப்பக் கை வரவில்லை. இவ்வளவும் சரியாக இருந்து அது மட்டும் இல்லை என்றால் அம்மாவுக்கு இனி வேறு வழி கிடையாது. ஆய்வாளர் பிழை விட்டார், நான் பிழை விட்டேன், கட்டினவர் பிழை விட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா விட்டிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லத்தான் எனக்கு இனி ஏலாது. ஒருமுறை சொல்லிவிட்டேன்.

வாணி என் கைக்குக் கீழிருந்து தாளை இழுத்துப் பார்த்தார். புரட்டினார். எனக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. நான் அவருடைய விரலைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிகளில் இறங்கியது. ஒன்பதில் நின்றது.

அவர் வாய்க்குள் ஒருதரம் வாசித்தார். பிறகு சத்தமாக வாசித்தார். சந்தம் இருந்தது, அது எனக்கே கேட்டது.

“எழுத்துக்கு எழுத்து அப்படியேதாங்க. ஒரு புள்ளி மாறல.”

நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். வாணி திசுப்பெட்டியை என் பக்கம் தள்ளினார், புத்தகத்தை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்தினார். ஈரம் படக்கூடாது. அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார்.

“என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். ஐந்து வருடத்துக்கு மேல் இந்தப் பாட்டைப் பற்றிச் சண்டை. பொருள் என்னவென்று அம்மாவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“கூட்டம் எழுந்து போயிடுச்சு, கட்டியிருந்த கயிறு இன்னும் என் கையில இருக்கு. அவ்வளவுதான். ஒட்டகத்தக் கட்டுற கயிறு.”

மூன்று அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தேன்.

“ஒரு உதவி செய்வீங்களோ?” என்றேன். “இந்த மூண்டு அட்டைக்கும் இரண்டாம் ஒப்பம் பாக்கி.”

“நானா? நான் பேராசிரியர் இல்லைங்களே.”

“மூலத்தைப் பார்த்து வாசிச்ச ஆள் போட்டால் காணும். அவவின்ர விதி அதுதான். எனக்கு வாசிக்கத் தெரியாது, நான் போடேலாது.”

வாணி பென்சில் எடுத்தார். மூன்று அட்டையிலும் அம்மாவின் ஒப்பத்துக்குப் பக்கத்தில் தன் ஒப்பத்தையும் அன்றைய தேதியையும் போட்டார். 14.11.2001க்குப் பக்கத்தில் இத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்த இடம். அப்புறம் கணினிக்குத் திரும்பி அந்தச் சாம்பல் குறிப்பை எனக்கு முன்னாலேயே அழித்தார். ‘பக்கம் 93, பழைய எண் 212’ என்று எழுதினார். கட்டுரை எழுதிய ஆய்வாளருக்கும் ஒரு கடிதம் அடித்தார். அவர் அன்று மாலையே பதில் போட்டார், இரண்டு வரி: மன்னிப்பு, அடுத்த இதழில் திருத்தம் வரும்.

வெளியே வரும்போது வாணி கேட்டார்: “அம்மா திரையில பார்த்தப்ப ஏன் கண்டுபிடிக்கல?”

“எண் குத்தினது அவவுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு எழுதின அட்டையெல்லாம் குத்தின எண்தான். கட்ட முந்தி மூண்டு மட்டும் எழுதினது பதினெட்டு வருசத்தில மறந்து போயிருக்கும். கொப்பியைக் காட்டவேணும் எண்டுதான் நிண்டவ. ஒருத்தரும் கேக்கேல்லை.”

ஒருத்தரும் என்று சொன்னேன். அதில் முதல் ஆள் நான்.

தெருவில் நின்று சின்னம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“இருக்கு சின்னம்மா. பாட்டு இருக்கு.”

“நான் சொன்னனான் எல்லே? கத்தரிக்காய்.” பிறகு மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “சாப்பிட்டியோ நீ? பசிக்குது எண்டாவது தெரியுதோ உனக்கு?”

பசித்தது. உண்மையாகவே பசித்தது. ஒரு கடைக்குள் போய்ச் சாண்ட்விச் வாங்கி, நின்றபடியே இரண்டு சாப்பிட்டேன்.

வியாழன் காலை மாஸ்டருக்கு ஒரு போன். நிச்சயமான விசயம், பாட்டில் வைக்கலாம் என்றேன். “அரபு எண்ட சொல்லு வெண்பாவில நிக்குமோ எண்டு பாப்பம்,” என்றார். ஒரு மணி நேரத்தில் நிற்க வைத்துவிட்டார். மத்தியானம் வால்தம்ஸ்டோ குயின்ஸ் ரோட்டில் ஓவர்கிரவுண்ட் ரயில் ஏறிப் பார்க்கிங்குக்குப் போய் யனுஷனிடம் நேரில் கொடுத்தேன். அவன் திரையில் ஓட்டி வாசித்தான்.

“‘அரபு இலக்கண நூல்களின் சாட்சிப் பாடல்கள் 4,216க்கு அட்டை எழுதினார். இன்றுவரை அவற்றில் பிழை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.’ என்னக்கா இது, இன்றுவரை எண்டு இழுக்கிறீங்கள்? பிழையே இல்லை எண்டு போட்டால் வடிவாய் இருக்குமே.”

“வேண்டாம். சோதிச்சது வரைக்கும்தான் சொல்லலாம்.”

“அம்மா கோவிக்க மாட்டாவோ?”

“அவ மற்றதுக்குத்தான் கோவிப்பா.”

“சரி, உங்கட அம்மா, உங்கட வசனம்.” திரையை இறக்கினான். “வெண்பா இது. தசமி, சரியோ?”

“தசமி. வடிவாய்ப் பார். பஞ்சமி ஆக்கிப்போடாதை.”

“ஆர் சொன்னது, மாஸ்டரோ? அந்தாள் செத்தாலும் அதை விடாது அக்கா. ஒருக்காத்தான் பிழை விட்டனான்!”

ஒருமுறைதான். திதியை அவனோடு சேர்ந்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சரிபார்ப்புத் தாளின் அடியில் அவன் ஒப்பமிட, பக்கத்தில் நானும் ஒப்பமிட்டேன். வீட்டுக்கு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி. சின்னம்மா சோறு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். காலை வரைக்கும் எழும்பவில்லை.